பழைய விளையாட்டுக் கருவியும் ஒற்றைக் கையும்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே நம் பெற்றோர் பலர் முகம் சுளிப்பர். பிள்ளைகளின் படிப்பும் உறக்கமும் கெடுவதைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கவலை நியாயமானதே. ஆயினும் இங்கு நான் எழுத முற்பட்டது இன்றைய கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றியன்று. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்டு, பின்னர் ‘அட்டாரி 2600’ எனப் பெயர் பெற்ற பழங்கருவி ஒன்றின் கைப்பிடியைச் செப்பனிட்டது பற்றியே எழுதுகிறேன்.

குருவானவருக்கு இவ்வேலை எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். நான் குருமடத்தில் பயின்ற நாட்களில், வயது முதிர்ந்த துறவறச் சகோதரர் ஒருவர் மாணவர்களில் விருப்பமுள்ளோர்க்கு வானொலி பழுதுபார்க்கக் கற்றுக் கொடுத்தார். இறையியல் வகுப்புகளில் கேட்டவற்றுள் மறந்தவை உண்டு. சால்டரிங் கருவியைப் பிடிக்கும் முறை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. பின்னர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் மூன்றாண்டுகள் உதவிக் குருவாய் இருந்தபோது, அந்தப் பயிற்சி எனக்குப் பல வீடுகளின் கதவைத் திறந்துவிட்டது.

அப்பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் ஒருநாள் பழைய அட்டைப்பெட்டி ஒன்றுடன் வந்தார். அதனுள் ஓர் அட்டாரியும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் இருந்தன. 1980-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, ஆலைத் தொழிலாளியான அவருடைய தந்தை வாங்கி வந்தவையாம். அத்தந்தைக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து, பேச்சும் குழறி, நாள் முழுதும் சன்னலையே பார்த்தவாறு அமர்ந்திருந்தார். மருத்துவமனையில் கைப்பயிற்சிக்கெனக் கொடுத்த ரப்பர்ப் பந்தை அவர் தொடவே மறுத்துவிட்டார். “அப்பாவும் நானும் இதில் இரவெல்லாம் விளையாடுவோம், ஃபாதர். இது மறுபடியும் வேலை செய்யுமா?” என்று மகள் கேட்டார். உடனே இன்னொன்றும் சொன்னார்: “ஆனால் இதில் துளையிடவோ வெட்டவோ கூடாது. இருந்தபடியே இருக்க வேண்டும்.”

அந்த ஜாய்ஸ்டிக்கின் அமைப்பை அறிந்தோர் அதன் எளிமையை வியப்பர். சதுரமான கறுப்பு அடிப்பெட்டி; நடுவே ரப்பர் உறை போர்த்த ஒரு குச்சி; இடப்பக்க மேல் மூலையில் சிவப்பு நிறத்தில் சுடும் பொத்தான். அடியிலுள்ள நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று கிடக்கும். அதில் நான்கு திசைகளுக்கு நான்கும் பொத்தானுக்கு ஒன்றுமாக, ஒட்டுநாடாவின் கீழ் ஐந்து உலோகக் குமிழ்கள். குச்சி சாயும்போது குமிழ் அமுங்கி மின்தொடர்பை உண்டாக்கும், அவ்வளவே. பலகையில் சில்லு எதுவும் இல்லை. மின்னழுத்தமும் ஐந்து வோல்ட்டு மட்டுமாதலால், கையில் அடிக்கும் என்ற அச்சம் வேண்டியதில்லை.

பழுதுகளும் ஏறக்குறைய எப்போதும் அவையேதான். குமிழ்களின் கீழ் அழுக்குப் படியும்; அல்லது நாடா தளர்ந்து குமிழ் இடம் பெயரும்; அல்லது குச்சியின் உள்ளேயுள்ள வெண்ணிறப் பிளாஸ்டிக் துண்டு விரிசல் காணும்; அல்லது கம்பி, அது பெட்டியை விட்டு வெளிவரும் இடத்தில் அறுபடும். இங்கே முதலும் மூன்றும் கூடி வந்திருந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் புதிய நாடா ஒட்டியதும் நான்கு திசைகளும் உயிர் பெற்றன. பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றியே தீர வேண்டியிருந்தது. பழங்கருவி ஆர்வலர்களுக்கென இன்றும் அதைச் செய்து விற்கின்றனர். உடைந்த துண்டை மகள் எறிய விடவில்லை. தாளில் மடித்துப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

நிற்க. கருவி செப்பமாயிற்றே ஒழிய, மனிதர் விளையாட இயலவில்லை. அதை விளையாடுவோர் இடக்கையால் அடிப்பெட்டியைப் பற்றி, இடக்கைப் பெருவிரலால் சுட்டு, வலக்கையால் குச்சியை அசைப்பர். இருகைத் தொழிலை ஒரு கை செய்வது எங்ஙனம்? 1982-இல் அட்டாரிக்கு வந்த ‘பேக்-மேன்’ விளையாட்டிற்குக் குச்சி மட்டும் போதும், பொத்தான் வேண்டியதில்லை. அதை ஆடட்டுமே என்றேன். முதியவர் தலையசைத்து மறுத்துவிட்டார். அந்தப் பதிப்பு வெளிவந்த காலத்திலேயே பலரை ஏமாற்றிய ஒன்று. அவர் சுவையைக் குறை கூறுவதற்கில்லை. அவர் விரும்பியது 1980-இல் அட்டாரிக்கு வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. திரையின் அடியிலுள்ள பீரங்கியை இடமும் வலமும் நகர்த்தி, மேலிருந்து அணிவகுத்து இறங்கும் பகைவரைச் சுடுவதே அவ்விளையாட்டு. பொத்தானின்றி அதை ஆட முடியாது.

இவ்விடத்தில்தான் அந்த எளிமை கைகொடுத்தது. சுடும் பொத்தானின் வேலை, செருகியின் 6-ஆம் முனையை 8-ஆம் முனையுடன் சேர்த்து வைப்பதே. அச்சேர்க்கை பெட்டிக்குள் நிகழ்ந்தாலும் வெளியே நிகழ்ந்தாலும் கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல், ஒன்பது முனை நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கினேன். அதன் உறையை நடுவே கீறி, மல்டிமீட்டரால் அவ்விரு கம்பிகளையும் கண்டறிந்தேன்; நீட்டிப்புக் கம்பிகளின் நிறத்தை நம்பலாகாது. அவற்றின் மேல்தோலைச் சீவி, அவற்றிலிருந்து வீட்டு அழைப்பு மணிப் பொத்தான் ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்து, அதை மரக்கட்டையில் பொருத்தி இடக்காலடியில் வைத்தேன். ஜாய்ஸ்டிக் நகராதிருக்க, அதன் அளவுக்கேற்பச் சட்டமடித்த பலகை ஒன்று மடிமேல். மகளின் நிபந்தனைப்படி பழைய பொருளில் ஒரு துளையும் விழவில்லை. (இதைப் படித்துவிட்டு, 1990-களில் நம் நாட்டில் விற்ற நகல் கருவிகளில் இம்முறையைச் செய்ய வேண்டாம். செருகி அதே ஒன்பது முனைதான். உள்ளமைப்பு முற்றிலும் வேறு.)

முதல் மாலை நன்றாக அமையவில்லை. கால் ஒன்று நினைக்க, கை வேறொன்று செய்தது. இவ்விளையாட்டில் முதற்குண்டு திரையில் உள்ளவரை அடுத்தது கிளம்பாது. அவரோ கட்டையை விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிடங்களில் சினந்து பலகையைத் தள்ளிவிட்டார். மகள் கண்கலங்கினார். வீண் முயற்சியோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மறுநாள் காலை, குழறிய பேச்சில், அந்தப் பெட்டி எங்கே என்று அவரே கேட்டாராம்.

அதன்பின் நாள்தோறும் மாலையில், மகள் பாதுகாத்து வைத்திருந்த பழைய குழல் தொலைக்காட்சியின் முன் இருவரும் அமர்வர். வலக்கை மீளவில்லை, மீளும் என்று நான் சொல்லவுமில்லை. நற்கருணை கொண்டு சென்ற ஒரு வெள்ளிக்கிழமை, சற்றுக் காத்திருக்குமாறு எனக்கு இடக்கையால் சைகை காட்டி, எஞ்சியிருந்த ஒரு வரிசையைச் சுட்டு முடித்த பின்னரே என் பக்கம் திரும்பினார்.

நான் தாயகம் திரும்பிய மறு ஆண்டில் மகளிடமிருந்து கடிதம் வந்தது. மணிப் பொத்தான் தேய்ந்துவிட்டதாம். புதியது வாங்கி வைத்திருக்கிறாராம். எந்தத் திருகாணிகளைக் கழற்றுவது என்று கேட்டிருந்தார். கட்டையின் படம் வரைந்து, இரண்டு இடங்களில் புள்ளியிட்டு அனுப்பினேன்.