முதியோரின் பகல் இல்லம்

‘முதியோர் இல்லம்’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் குடும்பங்களில் முகம் சுளிப்போரே மிகுதி. பெற்று வளர்த்தவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகின்ற இடம் என்ற பொருளே அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்த கோடை முழுவதும் நானும் என் துணைவியும் அவ்வூர் முதியோர் மையத்திற்குச் சென்று வந்தோம் என்று கூறியபோது காயல்பட்டினத்து உறவினர் சிலர் திடுக்கிட்டனர். “மகன் உங்களை அங்கேயா விட்டான், காக்கா?” என்று வருத்தத்துடன் வினவினார் ஒருவர். அவருக்கு நான் அளித்த விளக்கத்தையே, வாசகப் பெருமக்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில், சற்று விரித்து எழுதுகிறேன்.

2023 மே மாத இறுதியில் நாங்கள் நியூஜெர்சி மாநிலத்திற்குச் சென்றோம். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கெல்லாம் பணிக்குப் புறப்பட்டுவிடுவர். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிடுவர். அதன்பின் அந்த அழகிய வீட்டில் எங்கள் இருவரின் பேச்சொலியைத் தவிர வேறொலி இராது. கதவைத் திறந்து பார்த்தால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கடைக்குச் செல்வதானாலும் கார் வேண்டும். எங்களுக்கோ கார் ஓட்டத் தெரியாது. கோடைக்காலத்தில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணியாகிவிடும். மஃரிபை எதிர்நோக்கிக் காத்திருக்கும் அந்த நெடும்பகல் எவ்வளவு நீளமானது என்பதைச் சென்று தங்கியவர்களே அறிவர். எங்கள் நிலையைக் கண்ட பக்கத்துத் தெருக் குஜராத்திப் பெரியவர் ஒருவர்தாம் எங்களை அம்மையத்திற்கு அழைத்துச் சென்றார்.

வந்து போகும் இடம்

அது ஊராட்சிக்குச் சொந்தமான ஒற்றை மாடிக் கட்டடம். நூலகத்திற்கு அருகில் அமைந்திருந்தது. காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். இரவில் எவரும் தங்குவதில்லை. அறுபது வயது நிறைந்தோர் அவரவர் வீட்டிலிருந்து வந்து, பகற்பொழுதைக் கழித்து, அவரவர் வீட்டிற்கே திரும்புகின்றனர். வண்டி ஓட்ட இயலாதவர்களை ஒரு சிறிய பேருந்து வாசலிலேயே ஏற்றி, வாசலிலேயே இறக்கிவிடுகிறது.

இத்தகைய மையம் அமெரிக்காவில் முதன்முதலாக 1943-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கப்பட்டது. நகர நல்வாழ்வுத் துறை அலுவலகத்திற்கு உதவி கேட்டு வரும் முதியவர்கள், வந்த வேலை முடிந்த பின்னும் பேசிக்கொண்டே நிற்பதை அங்குள்ள சமூகப் பணியாளர்கள் கவனித்தனராம். அவர்களுக்குப் பணத்தைவிடப் பேச்சுத்துணையே பெரிய தேவை என்பதை உணர்ந்து ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தனர். அதுவே வித்தாயிற்று. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் முதியோர் நலனுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1972-இல் உணவுத் திட்டமும் அதனுடன் சேர்க்கப்பட்டது. இன்று அந்நாடெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. மைய அரசின் நிதி, மாநில, ஊராட்சி நிதி, பயனடைவோர் விரும்பித் தரும் தொகை ஆகிய அனைத்தும் சேர்ந்தே இவை நடைபெறுகின்றன.

நண்பகல் உணவை அங்கே வழங்கும் முறை என்னைப் பெரிதும் கவர்ந்தது. ஒரு நாளைய சத்துத் தேவையில் மூன்றில் ஒரு பங்கேனும் அவ்வொரு வேளை உணவில் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அறுபது வயது நிறைந்தவரிடம் விலை கேட்பதில்லை. வாசலருகே ஒரு பெட்டி இருக்கும். விரும்பியவர் விரும்பியதை உறையிலிட்டுப் போடலாம். போட்டவர் யார், போடாதவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. பணம் இல்லை என்ற காரணத்திற்காக எவருக்கும் உணவு மறுக்கப்படலாகாது. மறைவாகச் செய்யும் தருமத்தின் அருமையை அறிந்த நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். இறைச்சி ஹலால் இல்லையாதலால் நாங்கள் மீனும் காய்கறியும் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். லுஹர் தொழுகைக்கு இடம் வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, நிர்வாகியான அம்மையார் கைவினை அறையின் சாவியையே என்னிடம் தந்துவிட்டார்.

கோடைக்கால நிகழ்ச்சிகள்

மாதத் தொடக்கத்தில் ஒரு தாளில் அம்மாத நிகழ்ச்சிகளை அச்சிட்டுத் தருவார்கள். கோடையில் அத்தாள் நிரம்பி வழியும். காலையில் நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி. முழங்கால் வலி உள்ளவரும் செய்யலாம். வெயில் ஏறுமுன் தோட்ட வேலை. குனிய இயலாதவர்களுக்காக இடுப்பளவு உயரத்தில் மரப்பெட்டிகளை அமைத்து மண் நிரப்பியிருந்தார்கள். என் துணைவி அதில் ஒரு மூலையில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்தாள். தக்காளிக்குப் பெயர்பெற்ற மாநிலம் அது. ஆகஸ்டில் காய்த்த தக்காளியை இத்தாலிய மூதாட்டியொருவர் அவளுக்குக் கொடுக்க, இவள் அவருக்குக் கீரை கொடுக்க, ஒருவர் மொழி ஒருவருக்கு விளங்காமலே இருவரும் உற்ற தோழியராயினர்.

வருவாய் குறைந்த முதியோருக்கு உழவர் சந்தையில் காய்கனி வாங்குவதற்கென அரசு கோடைதோறும் சீட்டுகள் வழங்குகிறது. அச்சீட்டுகளைப் பெற மனு எழுதிக் கொடுப்பதும், சந்தைக்கு வண்டியில் அழைத்துச் செல்வதும் மையத்தின் பணிகளே. வாரம் ஒருநாள் செவிலியர் வந்து இரத்த அழுத்தம் பார்ப்பார். மருத்துவக் காப்பீட்டுத் தாள்களைப் படித்து விளக்குவதற்குப் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் வருவார். கோடை விடுமுறையிலிருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வந்து, கைப்பேசியில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசும் வகையை முதியவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருநாள் எங்களை அட்லாண்டிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றனர். நம் ஊர்க் கடற்கரை மணலில் அஸருக்குப் பின் அமர்ந்து பேசும் பெரியவர்களின் நினைவு எனக்கு அங்கே வராமலில்லை.

வெயிலும் தொலைபேசியும்

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒருவர் கூறக்கூடும். ஜூலை மாத வெயில் கடுமையானபோதுதான் அம்மையத்தின் உண்மையான பணியை நான் கண்டேன். உலகளவில் அதுவரை பதிவான மாதங்களிலேயே மிக வெப்பமானது 2023 ஜூலை. வெப்ப எச்சரிக்கை வந்ததும் மையத்தைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தார்கள். குளிரூட்டப்பட்ட கூடத்தில் எவரும் வந்து அமரலாம். வீட்டில் குளிரூட்டி இல்லாதவர்களும், மின்கட்டணத்திற்கு அஞ்சி அதைப் போடாதவர்களும் வந்து அமர்ந்தனர்.

வர இயலாதவர்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. தனித்து வாழும் முதியோரின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, தொண்டர் இருவர் காலைதோறும் தொலைபேசியில் அழைத்தனர். “எழுந்துவிட்டீர்களா? தண்ணீர் குடித்தீர்களா?” இவ்வளவே பேச்சு. இருமுறை அழைத்தும் மறுமொழி இல்லையெனில், பதிவுத்தாளில் குறித்திருக்கும் உறவினரையோ அண்டைவீட்டாரையோ அழைப்பர். அவர்களும் கிட்டாவிடில் ஆளனுப்பிக் கதவைத் தட்டுவர். வீட்டிற்கு உணவு கொண்டுசெல்லும் தொண்டருக்கும் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வரலாகாது என்பதே கட்டளை. முகத்தைப் பார்த்து, ஒரு சொல் பேசிவிட்டே வரவேண்டும்.

இத்துணை கவனம் ஏன் என்று செவிலியரிடம் வினவினேன். முதுமையில் தாகம் எடுப்பது குறைந்துவிடுகிறது, வியர்ப்பதும் குறைகிறது. இரத்த அழுத்தத்திற்கு உட்கொள்ளும் சிலவகை மாத்திரைகள் உடலின் நீரை வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே, உடல் கொதிப்பது அவர்களுக்கே தெரியாமல் மயக்கம் வந்துவிடும் என்று விளக்கினார். பின்னர் சிகாகோ நகரைப் பற்றிக் கூறினார். 1995 ஜூலையில் அங்கு வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சில நாட்களுக்குள் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்; பலர் தனியறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், எவரும் அறியாமல் இறந்துகிடந்தவர்கள். அந்நகரை ஆராய்ந்த எரிக் கிளைனன்பர்க் என்னும் சமூகவியல் அறிஞர் 2002-இல் வெளியிட்ட நூலில், வெயிலோடு தனிமையும் சேர்ந்தே அவர்களின் உயிரைப் பறித்தது என்பதை எடுத்துக்காட்டினார். 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டிலும் ஏறத்தாழ 15,000 பேர் இவ்வாறே மாண்டனர்.

அந்த மையம் எல்லாத் துயரையும் தீர்த்துவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. நாள்தோறும் கடைசி ஆளாக எழுந்து செல்லும் மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருடைய மகன் நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவில் வசிக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். “பகல் இங்கே போய்விடுகிறது, இரவுதான் நீளம்” என்று என் துணைவியிடம் ஒருநாள் சொன்னார். மகனும் மருமகளும் மாலையில் வந்து சேரும் வீட்டிற்குத் திரும்பிச் சென்ற எங்களுக்கு அச்சொல்லின் கனம் நன்கு புரிந்தது.

நம் வீடுகளில்

ஆனால் நம் வீடுகள் மட்டும் முன்போல் இருக்கின்றனவா? என் லாத்தாவை எடுத்துக்கொள்கிறேன். வயது 74. மச்சான் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. பெண்மக்கள் இல்லை. மணமான ஆண்மக்கள் மனைவி வீட்டில் வாழ்வது எங்கள் ஊர் வழக்கம். லாத்தாவின் மக்கள் இருவரோ குடும்பத்துடன் ஹாங்காங்கிலும் துபாயிலும் இருக்கின்றனர். நல்ல பிள்ளைகள், மாதந்தவறாமல் பணம் வருகிறது, குளிரூட்டியும் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். லாத்தாவோ அதைத் தொடுவதில்லை. “ஒத்தை ஆளுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு கரண்ட்டு?” என்பது அவரது வாதம்.

2024 மே மாதம், கத்திரி வெயிலில் ஒருநாள், கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சிறுமி, லாத்தா அடுப்படித் தரையில் நினைவு குழம்பிக் கிடப்பதைக் கண்டாள். உடல் அனலாய்க் கொதித்ததாம். ஈரத்துணியால் போர்த்தி, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். இறைவன் அச்சிறுமியை அனுப்பினான் என்று நன்றி கூறினோம். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அமெரிக்காவில் தொலைபேசியும் பட்டியலுமாக அமர்ந்திருந்த அவ்விரு தொண்டர்களே கண்முன் நின்றனர்.

நம் ஆண்களுக்கேனும் பள்ளிவாசல் திண்ணை உண்டு, தேநீர்க்கடை உண்டு, மாலையில் கடற்கரை உண்டு. ஐவேளைத் தொழுகையில் ஒருவர் இருவேளை வராவிட்டால், “அவர் எங்கே?” என்று கேட்க ஆளிருக்கிறது. தனித்திருக்கும் முதிய பெண்களைக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? அந்த அமெரிக்க மையத்திலும் வந்தவர்களுள் மிகப்பெரும்பாலோர் பெண்களே என்பதையும் நான் இங்குக் குறிப்பிட வேண்டும்.

கோடி செலவில் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று நான் கூறவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் தைக்காக்கள் பல இருக்கின்றன. ஊர்தோறும் மதரஸாக் கூடங்களும் சங்கக் கட்டடங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கோடைக்காலப் பகல்களில் திறந்துவைத்து, மின்விசிறி, குடிநீர், மோர், சாய்ந்து அமர நல்ல நாற்காலிகள், வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் என்ற அளவில் தொடங்கலாம். வெயிலேறும் முன் ஆட்டோவில் அழைத்து வந்து, அஸருக்குப் பின் கொண்டுபோய்விடலாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் என்றும் அறிவித்தது. உயிர் போனபின் வரும் தொகையைவிட, போகாமல் காக்கும் மோர்க்குவளை மேலானதன்றோ?

இதற்கும் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் தனித்திருக்கும் பெரியவர்களைக் கணக்கெடுத்தோம். ஒன்பது பேர் இருந்தனர். ஒரு குறிப்பேட்டில் அவர்களின் பெயர், கைப்பேசி எண், உட்கொள்ளும் மாத்திரை, வெளிநாட்டிலுள்ள மக்களின் எண், மாற்றுச்சாவி யாரிடம் உள்ளது என்பவற்றை எழுதினோம். கல்லூரியில் பயிலும் பெண்பிள்ளைகள் மூவர் முறைவைத்துக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அழைக்கின்றனர். மறுமொழி இல்லையேல் ஒருத்தி நடந்துபோய்ப் பார்க்கிறாள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதை இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுக் குறித்திருக்கிறோம். உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும், நினைவிழந்தவருக்கு வாயில் நீர் ஊற்றலாகாது என்பதையும் அப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். குறிப்பேட்டின் விலை நாற்பது ரூபாய்.

முதலில் இவ்வேற்பாட்டைக் கேட்டு, “நான் என்ன சின்னப்புள்ளையா?” என்று சினந்த லாத்தா, இப்போது மூன்று மணிக்கு முன்பே கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார். அழைக்கும் பிள்ளையிடம் அன்றைய சமையலைச் சொல்கிறார். அவளுடைய பாடத்தைக் கேட்கிறார். சில நாட்களில் அவளைத் தேநீருக்கு வரச் சொல்கிறார்.

வெளிநாடுகளில் இருந்து இவ்விதழைப் படிக்கும் பிள்ளைகளே! பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவானாக. அத்துடன், நீங்கள் அழைத்தும் எடுக்காவிட்டால் ஓடிப்போய்க் கதவைத் தட்டக்கூடிய இருவரின் எண்களையும் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் இருப்பவர்களே! அவ்விருவரில் ஒருவராக உங்கள் பெயரைக் கொடுங்கள். அடுத்த கத்திரி வருமுன் இதைச் செய்து முடித்துவிட வேண்டும்.