ஆலையிலேயே தொடங்கும் வேலை

பயோடீசல் ஆலையின் தொட்டியடியில் தேங்கும் கச்சா கிளிசராலுக்கும் மருந்துக்கடை கிளிசரினுக்கும் பெயரளவில்தான் உறவு. இது டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், கையில் பட்டால் சோப்பாக வழுக்கும். நூறு கிலோ பயோடீசல் எடுத்தால் ஏறத்தாழ 10 கிலோ இப்படி மிஞ்சும். அதில் மிச்ச மெத்தனால், சோப்பு, உப்பு எல்லாம் கலந்திருக்கும். சிறிய ஆலைக்கு இதைச் சுத்திகரித்து விற்பது கட்டுப்படியாகாது.

இதைத் தின்னும் பாக்டீரியாக்களில் நான் அதிகம் பழகியது கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம். கிளிசராலை அது 1,3-புரொப்பேன்டயோலாக மாற்றித் தரும். ஒருவகை பாலியெஸ்டர் இழைக்கு அதுதான் மூலப்பொருள். கிளிசரால் நொதிப்பில் இந்தப் பொருள் கிடைப்பதை அகஸ்ட் ஃப்ராய்ண்ட் 1881-லேயே கண்டுவிட்டார். கிளெப்சியெல்லா நிமோனியேவும் இதைச் செய்யும், ஆனால் அது நோய்க்கிருமி. கிளாஸ்ட்ரிடியத்துக்கு ஆகாதது காற்று. ஊடகத்தில் ரெசசூரின் சாயம் ஒரு துளி விட்டிருப்போம். இளஞ்சிவப்பு தெரிந்தால் எங்கோ ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே நிறம் வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நொதிகலன் ஓடத் தொடங்கிய பின் திரையைவிட காரப் புட்டியைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். பாக்டீரியா கூடவே அசெட்டிக், பியூட்டிரிக் அமிலங்களையும் விடும். அமிலம் ஏறினால் பம்ப் காரத்தைச் சொட்டும். சொட்டு சீராக விழுந்தால் உள்ளே வேலை நடக்கிறது. தொட்டியில் கிளிசரால் இருக்கும்போதே சொட்டு நின்றால் பாக்டீரியா திணறுகிறது. பியூட்டிரிக் அமிலத்தின் ஊசிப்போன வெண்ணெய் வாடை சட்டையோடு வீட்டுக்கும் வரும், அது வேறு கதை.

சுத்தக் கிளிசராலில் வளர்த்து வரும் விளைச்சல் எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு லோடு போல் அடுத்த லோடு இருக்காது. ஊடகத்தில் கச்சாவின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தாக்குப்பிடிப்பவற்றை எடுத்து மறுபடி வளர்க்க வேண்டும். அமிலம் விட்டால் சோப்பு உடைந்து கொழுப்பமிலம் மேலே மிதக்கும், வழித்துவிடலாம். மெத்தனால் 65 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். உப்புதான் லேசில் போகாது. பாக்டீரியாவை அது ஒடுக்கும். பிறகு 214 டிகிரியில் கொதிக்கும் புரொப்பேன்டயோலை வடிக்கும்போது அடியில் படிந்து உயிரை வாங்கும்.

அதனால் ஆலைக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, வினையூக்கியாக எந்தக் காரத்தைப் போடுகிறீர்கள் என்பதைத்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் பாஸ்பாரிக் அமிலத்தால் சமன்செய்யச் சொல்வேன். பொட்டாசியம் பாஸ்பேட் பெரும்பாலும் படிந்துவிடும், வடிகட்டி எடுத்தால் உரத்துக்கு ஆகும். சோடியம் என்றால் பேச்சு நீளும், பெரும்பாலும் விலையைப் பற்றி.