மக்காச்சோளமும் சுண்ணாம்பும்

ஓர் ஊரின் செல்வத்தை அறிய அதன் பெருங்கட்டடங்களைக் காணலாம். அதன் உள்ளத்தை அறிய வேண்டுமாயின், உழைப்பாளர் நண்பகலில் உண்ணும் சிறு உணவகங்களில் அமர்ந்து பார்த்தல் வேண்டும். நாற்பது ஆண்டுகளாகத் தில்லியில் வாழும் எனக்கு இவ்வுண்மையைத் தெளிவாக்கியது கடல்களுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ நகரம். அங்குப் பணியாற்றும் என் மகன் வீட்டில் 2019ஆம் ஆண்டில் நானும் என் துணைவியாரும் மூன்று திங்கள் தங்கியிருந்தோம். கண்ட அருங்காட்சியகங்கள் பல. எனினும் நினைவில் பசுமையாக நிற்பவை, நார்வார்த்தே என்னும் பகுதியில் நாங்கள் உண்ட எளிய உணவகங்களே.

அத்தகைய உணவகத்துக்கு அவர்கள் மொழியில் 'ஃபோண்டா' என்று பெயர். நம் செவிக்கு அது 'போண்டா' என்றே கேட்கும். பத்துப் பன்னிருவர் அமரும் அறை, பூப்போட்ட மேசை விரிப்பு, வாயிலில் அன்றைய உணவை எழுதிய பலகை. இவ்வளவே அதன் கோலம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் நிறையும். முதலில் ஒரு கிண்ணம் சூப்பு, அடுத்துச் சிறிது சோறு, பின்னர்க் குழம்போடு ஒரு கறி, வேகவைத்த அவரை விதை, துணியில் பொதிந்த சூடான டோர்ட்டியா, ஒரு குவளை பழநீர். அனைத்துக்கும் சேர்த்து ஒரே விலை. நம் 'மெஸ்'களில் அளவுச் சாப்பாடு உண்டு வளர்ந்தோர்க்கு இம்முறை புதிதன்று. பரிமாறுபவர்க்கு வயது அறுபதே ஆயினும் அவரை 'இளைஞரே' என்று விளிக்கின்றனர். உண்டு எழுவோர், முன்பின் அறியாத பக்கத்து மேசையினரை நோக்கி 'ப்ரொவேச்சோ' என வாழ்த்திச் செல்கின்றனர். உண்பது உடலுக்கு நலம் தருக என்பது அதன் கருத்து. விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றிய மரபில் வந்த நமக்கு அச்சொல் அயற்சொல்லாகத் தோன்றுமா?

என் துணைவியார் மரக்கறி உணவினர். அங்கே அவரை விதையிலும் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. ஆதலின் ஒவ்வொன்றையும் கேட்டறிந்தே உண்ண வேண்டியிருந்தது. நாங்கள் வழக்கமாகச் சென்ற ஃபோண்டாவின் உரிமையாளர் ஒரு மூதாட்டி. மகன் மொழிபெயர்த்துக் கூறியதும், அவர் பூசணிப்பூவையும் 'நோபால்' என்னும் கள்ளியின் மடலையும் வதக்கி, டோர்ட்டியாவில் மடித்துத் தந்தார். நோபால் வேறன்று, நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இனம். "கள்ளியையா தின்பது?" என்று தயங்கிய என் துணைவியார், மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டார்.

அந்த மேசையில் நமக்கு அயலானவை குறைவே. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி யாவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் கலங்களில் நம்மிடம் வந்தவை. மிளகைக் கொண்டு காரம் சமைத்த நம் முன்னோர், புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரையே ஈந்து மிளகாய் என்றனர். 'சப்போட்டா' என்னும் சொல் மெக்சிகோவின் பழங்குடி மொழியாகிய நாவாட்டிலிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. மறுபுறம், அம்மூதாட்டி தந்த பழநீர் பெரும்பாலும் புளிக்கரைசலாகவே இருந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அங்கே விளையும் ஒரு மாம்பழத்துக்கு இன்றும் 'மணிலா' என்றே பெயர்.

பொருள்கள் மட்டுமா பயணம் செய்தன? மாலை வேளைகளில் தெருவோரக் கடைகளில், செங்குத்தான கம்பியில் இறைச்சி அடுக்குகள் சுழன்று வேகும். மெல்லச் சீவி, சிறு டோர்ட்டியாவில் இட்டு, அன்னாசித் துண்டொன்றைச் சேர்த்துத் தருவர். 'அல் பாஸ்தோர்' என்னும் இந்த டாக்கோ, லெபனான் பகுதியிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த முறையிலிருந்து தோன்றியது. ஆட்டிறைச்சி பன்றி இறைச்சியாயிற்று. கோதுமை ரொட்டி சோள ரொட்டியாயிற்று. சுழலும் கம்பி மட்டும் மாறவில்லை. குடிபெயர்ந்தோர் எதை விடுகின்றனர், எதை விடாது பற்றுகின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

ஒரு நாள் மூதாட்டி தம் அடுக்களையைக் காட்டினார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் சிறிது வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டிருந்தார். காலையில் கழுவித் தோல் நீக்கி அரைப்பர், அம்மாவே டோர்ட்டியாவாகும். 'நிஷ்டமால்' எனப்படும் இம்முறை மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையதாகக் கருதப்படுகிறது. பதநீர் புளியாதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவும் நாட்டவனாகிய எனக்கு அது வியப்பும் நெருக்கமும் ஒருங்கே தந்தது. ஆயின் அவர் மகளோ, ஆலை மாவில் நீர் ஊற்றிப் பிசைந்தாலே போதுமே என்று கூறி நகைத்தார். "சோளம் நம்முடையது என்று எல்லாரும் சொல்கின்றனர்; ஊறவைக்கத்தான் ஆளில்லை" என்றார் மூதாட்டி.

அச்சொல் என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது. மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குச் சென்றது; சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும் முறை உடன் செல்லவில்லை. சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்குமாறு விடுவிப்பது அந்தச் சுண்ணாம்பே. அஃதில்லாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் 'பெலாக்ரா' என்னும் கொடுநோய் பற்றியது. தோல் வெடித்து, வயிறு நலிந்து, அறிவும் மயங்கும் நோய் அது. 1735இல் ஸ்பெயினில் காசால் என்னும் மருத்துவர் அதனைக் கண்டறிந்து குறித்தார். பின்னர் இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அது பல்லாயிரவரை வாட்டியது. மெக்சிகோவின் ஏழைக் குடியானவனோ அதே சோளத்தை உண்டு நலமாக இருந்தான். பொருள் சென்று முறை செல்லாவிடில், அமுதும் நஞ்சாகும்.

இதற்கு மாறான வரலாறும் உண்டு; அது நம் வீட்டுச் சப்பாத்தியில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டில் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தது. அப்பொழுது உணவு அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அவ்விதையை ஆய்ந்தவர்களுள் தலையாயவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். இங்கே விதை தனித்து வரவில்லை. ஆழமாக ஊன்றாமல் மேலாக விதைத்தல் வேண்டும் என்பது முதல், நீரும் உரமும் இடும் காலம் வரை, உழவர் வயல்களிலேயே பயிரிட்டுக் காட்டினர். விதையோடு முறையும் வந்ததனால் களஞ்சியம் நிறைந்தது.

இவ்விரண்டையும் எண்ணியபோது என் பேத்தியின் நினைவு வந்தது. எட்டு வயதுச் சிறுமி; பள்ளியில் ஸ்பானியம், வீட்டில் ஆங்கிலம். இட்லி, தோசை, சாம்பார், சட்டினி என்னும் பெயர்களைப் பிழையின்றிச் சொல்வாள். அரை, வழி, கரை, தாளி என்னும் வினைகளில் ஒன்றையும் அறியாள். தமிழ் அவளிடம் பெயர்ச்சொற்களாக மட்டும் சென்று சேர்ந்திருந்தது. சோளம் இருந்தது, சுண்ணாம்பு இல்லை.

என் துணைவியார் அறிவுரை கூறவில்லை. சந்தையில் 'மோல்கஹேத்தே' என்னும் கல்லுரல் ஒன்றை வாங்கினார். எரிமலைக் கல்லில் செதுக்கிய அதனை அரிசி இட்டு அரைத்துப் பழக்க வேண்டும் என்று மூதாட்டி கற்பித்தார். புதிய ஆட்டுக்கல்லைப் பழக்கிய நம் பாட்டிமார் சொல்லாத செய்தியா அது? பேத்தியை அருகமர்த்தி நாள்தோறும் சட்டினி அரைக்கலாயினர். "இடி", "அரை", "வழித்து எடு", "கொஞ்சம் உப்புப் போடு" என்று கைவேலையோடு சொற்கள் வந்தன. மூன்றாம் வாரத்தில், "பாட்டி, நீங்க நகருங்க, நான் அரைக்கிறேன்" என்றாள் சிறுமி. ஒரு முழு வாக்கியம்!

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் சாம்பாருக்குக் குறைவில்லை. பொடியும் மாவும் பொட்டலங்களில் கிடைக்கின்றன. பொங்கல் விழாவுக்கும் சமையற்காரரை அமர்த்தி இலையில் உண்டு மகிழ்கிறோம். அவ்விழாவில் ஓர் அடுப்பையேனும் சிறுவர் கையில் ஒப்படைப்போமாக. அரிசி களைவதும், பால் பொங்குவதைக் காத்திருந்து காண்பதும், நெய்யில் முந்திரி வறுப்பதும் அவர்கள் செய்யட்டும். செய்யும்போது தமிழில் பேசட்டும். பொங்கல் சற்றே அடிப்பிடித்தாலும் குறையில்லை; 'அடிப்பிடித்தல்' என்ற சொல் அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.