ஆன்மாவும் கையும்

கல்வியில் சிறந்த பிள்ளைகளுக்குப் பெருமை செய்வது நல்ல வழக்கம். பொதுத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களை ஞாயிறு திருப்பலியின் முடிவில் பீடத்தின் முன் அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம். கைதட்டல் ஓய்ந்ததும் பிள்ளை தன் இருக்கைக்குத் திரும்பிவிடுகிறது. இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இனி என்ன செய்யவேண்டும் என்று நாம் சொல்லி அனுப்புவதில்லை. பெருமையைக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இந்தக் குறை நம்மூருக்கு மட்டும் உரியதன்று. பெருமை என்பதையே ஓர் அமைப்பாக்கி, அதற்குச் சட்டமும் சின்னமும் வகுத்து வைத்திருக்கும் நாட்டிலும் இக்கேள்வி எழத்தான் செய்கிறது. அண்மைக்காலத்தில் அது என் காதில் விழுந்த விதத்தை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஹானர் சொசைட்டி’ என்னும் சிறப்பு மாணவர் மன்றங்கள் உண்டு. இவை விளையாட்டுக் குழுக்களும் அல்ல, தொழிற்சங்கங்களும் அல்ல. படிப்பில் முன்னிற்கும் மாணவரை இனங்கண்டு, அழைத்து, உறுதிமொழி எடுக்கச் செய்து, தம்முள் சேர்த்துக்கொள்ளும் கழகங்கள். இவற்றுள் மூத்தது ‘பை பீட்டா கப்பா’. 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்த அதே ஆண்டில், வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க் நகரில், வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் சிலர் கூடித் தொடங்கியது. மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். அன்று முதல் கிரேக்க எழுத்துகளால் பெயர் வைப்பதே இத்தகைய மன்றங்களின் மரபாயிற்று.

இயேசு சபையினரின் கல்லூரிகளுக்கென்றும் ஒரு மன்றம் எழுந்தது. ‘ஆல்ஃபா சிக்மா நூ’ என்பது அதன் பெயர். 1915ஆம் ஆண்டு மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட இம்மன்றம், புலமை மட்டும் போதாது, பற்றுறுதியும் பணியும் உடன் வேண்டும் என்று விதித்தது. கேட்கவே இனிமையாக இருக்கிறது. ஆனால் அன்று அதன் கதவு ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. எனவே 1925இல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கென ‘காமா பை எப்சிலான்’ என்னும் வேறொரு மன்றம் தோன்றியது. இரண்டும் ஒன்றாக இணைந்தது 1973ஆம் ஆண்டில்தான். ஒரே வளாகம், ஒரே ஆசிரியர்கள், ஒரே திருப்பலி; ஆயினும் பெருமைக்கு மட்டும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இரண்டு வாசல்கள்! மூத்த மன்றமான பை பீட்டா கப்பாவும் 1875இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதாவது, பிறந்து தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழித்து. சிறந்தவர் யார் என்று முடிவு செய்வதற்கு முன்பே, யாரைப் பார்ப்பது, யாரைப் பாராதிருப்பது என்பதை மனிதர் முடிவு செய்துவிடுகின்றனர் என்பதற்கு இவை சான்று.

இனி, நான் சொல்ல வந்த மன்றத்துக்கு வருகிறேன். உளவியல் மாணவருக்கு உரியது அது. 1929ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், யேல் பல்கலைக்கழகத்தில் ஒன்பதாவது அனைத்துலக உளவியல் மாநாடு கூடிற்று. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் கடல் கடந்து வந்து அதில் உரையாற்றினார். மணியோசை கேட்டு நாயின் வாயில் நீர் ஊறும் ஆய்வினால் நம் பாடநூல்களிலும் இடம்பெற்றவர் அவர். பேரறிஞர் கூடிய அந்த மாநாட்டின் ஊடேதான் மாணவருக்கென ஒரு மன்றம் பிறந்தது. பிரடெரிக் ஹாவெல் லூயிஸ், எட்வின் நியூமன் என்னும் இருவர் அதன் தோற்றத்துக்கு உழைத்தவர்கள். முதலில் வைத்த பெயர் ஏற்கெனவே இயற்பியல் மாணவர் மன்றம் ஒன்றுக்கு உரியதாக இருந்தமையால், மறு ஆண்டே ‘சை கை’ என்று மாற்றிக்கொண்டனர்.

இப்பெயரில் நமக்கு ஓர் இனிய வியப்பு இருக்கிறது. ‘சை’ என்பது ‘சைக்கே’ என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து. ஆன்மா அல்லது மனம் என்று பொருள். ‘கை’ என்பதோ ‘கைகள்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து. ஆம், கிரேக்க எழுத்தின் பெயராகிய ‘கை’ தமிழ்க் காதில் கையாகவே ஒலிக்கிறது! இது தற்செயலான ஒற்றுமையே. ஆனாலும் ஆன்மாவும் கையும் சேர்ந்ததே அப்பெயர் என்று அவர்கள் விளக்கும்போது, தமிழறிந்தவர்க்கு அகராதி தேவைப்படாது. மனத்தால் அறிந்ததைக் கையால் செய்து பார் என்பதே அந்தப் பெயர் இடும் கட்டளை.

என் தங்கை மகள் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் உளவியல் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மன்றத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வகுப்பில் மேல்நிலையில் உள்ள நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்குள் இருப்பவரே இதில் சேரத் தகுதி உடையவர். ஒரே ஒரு முறை கட்டணம் செலுத்தினால் போதும். வாழ்நாள் முழுதும் உறுப்பினர். அந்தக் கட்டணந்தான் அவளை உறுத்தியது.

“மாமா, பணம் கட்டிப் பெருமை வாங்குவதுபோல் ஆகாதா?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“பெருமைக்கென்று கட்டாதே அம்மா. அங்கே உனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு கட்டு” என்றேன்.

வேலைக்குக் குறைவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடத்தும் பெருமாநாட்டில் சை கை மன்றத்துக்கெனத் தனி நிகழ்ச்சிகள் உண்டு. நிறுவனர் லூயிசின் பெயரால் அங்கே ஓர் அறிஞர் சொற்பொழிவாற்றுவார். நியூமனின் பெயரால் மேற்படிப்பு மாணவரின் சிறந்த ஆய்வுக்கு விருது தருவார்கள். இளங்கலை மாணவரும் தம் ஆய்வைப் போஸ்டராக வரைந்து நிறுத்தி, அதன் அருகே நின்று, வருவோர் போவோருக்கு விளக்கலாம். ஆய்வுக்கு நல்கை பெறும் வழிகளும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறைகளும் அங்கே கேட்டறியக் கிடைக்கும். 1996 முதல் இம்மன்றம் ஓர் ஆய்விதழையும் வெளியிட்டு வருகிறது. பேராசிரியர் மட்டுமே எழுதலாம் என்றிருந்த உலகில் மாணவர் எழுத்துக்கும் அது இடம் தந்தது. மொத்தத்தில், ஓரமாக நிற்கும் பிள்ளையை அழைத்து, “நீயும் பேசு” என்று நடுவே நிறுத்துகிற ஏற்பாடு இது.

ஆனால் அவ்வாண்டு யாரும் எங்கும் போய் நிற்க இயலவில்லை. முந்திய ஆண்டு சிகாகோ நகரில் கூடிய மாநாடு, 2020இல் வாஷிங்டனில் கூடுவதாக இருந்தது. கொரோனாத் தொற்று வந்தது, கூடங்கள் மூடப்பட்டன, மாநாடு முழுதும் இணையவழிக்கு மாறியது. ஆகஸ்டு 6 முதல் 8 வரை நடந்தது. மறு ஆண்டும் இணையவழியே. மீண்டும் மனிதர் முகத்துக்கு முகம் கூடியது 2022இல், மினியாபோலிஸ் நகரில்.

மாநாட்டை நான் கண்டவன் அல்லன். அவள் சொல்லக் கேட்டவன். அங்கே பிற்பகல் ஒரு மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அன்றைய நிகழ்ச்சிகளைப் பார்த்த களைப்போடு அவள் பேசுவாள். உறக்கம் கலைந்து நான் கேட்பேன். வீட்டைப் பிரிந்து தொலைவில் படிக்கும் முதலாண்டு மாணவரின் தனிமையைப் பற்றியது அவளது ஆய்வு. தொற்றுக்கு முன்பே தகவல்களைத் திரட்டி முடித்திருந்தாள். அதைப் போஸ்டராக்கி, தன் குரலில் விளக்கத்தையும் பதிந்து அனுப்பியிருந்தாள். எந்த இடத்திலிருந்து தெரியுமா? விமானங்கள் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாமல், தோழியர் எல்லாரும் போய்விட்ட விடுதியில், பாதி விளக்குகள் அணைக்கப்பட்ட ஒரு மாடியின் கடைசி அறையிலிருந்து! தனிமையைப் பற்றிய ஆய்வைத் தன்னந்தனியாக இருந்து ஒரு பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இணையவழி மாநாட்டினால் நன்மை இல்லாமல் இல்லை. நேரில் கூடும் மாநாட்டுக்கு விமானக் கட்டணம், விடுதி வாடகை, உணவு எனச் செலவு மிகும். தகுதியிருந்தும் போகவியலாத மாணவர் எத்தனையோ பேர். பகுதிநேர வேலையை விடமுடியாதவர், கைக்குழந்தையோடு படிக்கும் தாய், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகிய அனைவரும் முதன்முறையாக முன்வரிசையில் அமர்ந்தார்கள். கணினித் திரையில் பின்வரிசை என்று ஒன்றில்லை. நற்செய்தியில் வரும் விருந்தில், அழைக்கப்பட்டோர் வராதபோது தெருவிலும் சந்திலும் இருந்தோரைக் கூட்டிவந்து அமரவைத்த வீட்டுத்தலைவனின் பந்தி என் நினைவுக்கு வந்தது. நோய் வந்துதான் இந்தக் கதவு திறக்கவேண்டியிருந்தது என்பது நாம் நாணத்தக்கது.

இழந்தது என்ன என்று அவளிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “யாரும் கை குலுக்கவில்லை மாமா” என்றாள்.

அறிஞர் ஒருவர் அருகில் வந்து நின்று, போஸ்டரைக் கூர்ந்து பார்த்து, ஒரு கேள்வி கேட்டு, போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போவதில் ஒரு மாணவியின் வாழ்வே திரும்பிவிடக்கூடும். திரையில் அது நிகழவில்லை. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ‘சை’ இருந்தது, ‘கை’ இல்லை. அந்த இரவில் அவள் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்: “மாமா, யாரும் பார்க்காத இடத்தில் கிடைக்கும் பெருமை பெருமைதானா? அந்த முப்பத்தைந்துக்குள் வராத அறுபத்தைந்து பேரில் என் அறைத்தோழியும் இருக்கிறாள். அவள்தான் இரவெல்லாம் விழித்திருந்து என் கணக்குகளைச் சரிபார்த்தாள். அவளுக்கு எந்த மன்றம்?”

இதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. ஆனால் மாநாடு தொடங்கிய ஆகஸ்டு 6ஆம் நாள் எது என்பதை நினைவுபடுத்தினேன். திருச்சபை அன்று ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடுகிறது. மலைமேல் ஒளி வீசுகிறது. பேதுரு மகிழ்ச்சியில் தன்னை மறந்து, அங்கேயே கூடாரங்கள் அமைத்துத் தங்கிவிட விரும்புகிறார். பெருமை கிடைத்த எவருக்கும் தோன்றும் ஆசைதான் அது. சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவதும் கூடாரம் அடிக்கும் வேலையே. ஆனால் இயேசு அவர்களை மலையிலிருந்து இறக்கி அழைத்துவருகிறார். அடிவாரத்தில் என்ன காத்திருந்தது? வலிப்பினால் வதைபடும் ஒரு சிறுவனும், செய்வதறியாது கலங்கி நிற்கும் அவன் தகப்பனும். மாற்கு நற்செய்தியாளர் ஒரு சிறு செய்தியைத் தவறாமல் குறிக்கிறார். செத்தவன் போலக் கிடந்த சிறுவனின் கையைப் பிடித்து ஆண்டவர் தூக்கிவிடுகிறார்; அவன் எழுந்து நிற்கிறான்.

உளவியல் கற்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைப்பது அரிது. மலைமேல் கண்ட ஒளி பொய்யன்று. அது இறைவன் தந்ததே. ஆனால் அது மலைமேல் தங்குவதற்காகத் தரப்பட்டதன்று. மூன்று சீடர் மட்டும் மலையேறினார்கள். ஒன்பது பேர் அடிவாரத்தில் சிறுவனைக் குணமாக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஏறியவர் சிறந்தவர், ஏறாதவர் தாழ்ந்தவர் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. ஏறியவருக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு சேர்ந்தது, அவ்வளவே. முப்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடையிலான உறவு இவ்வாறே இருக்கவேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் பதில் ஏதும் சொல்லவில்லை. ஆனால் செப்டம்பரில் வகுப்புகள் இணையவழியில் தொடங்கியபோது, அக்கல்லூரியின் மன்றக் கிளையில் ஒரு வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா, உறங்கினாயா, வீட்டாரோடு பேசினாயா என்று விசாரிக்கும் வேலை. அதற்கு மன்ற உறுப்பினராக இருக்கவேண்டிய தேவையில்லை என்பதால் அறைத்தோழியும் ஊரிலிருந்தபடியே சேர்ந்துகொண்டாள். பெயர்ப்பட்டியலை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம்.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் இவ்வாண்டும் பரிசளிப்பு விழாக்கள் நடக்கும். பொன்னாடைகள் போர்த்தப்படும், நடக்கட்டும். ஆனால் பரிசு பெறும் ஒவ்வொரு பிள்ளையிடமும், பின்தங்கிய ஒரு பிள்ளையின் பெயரையும் எழுதிக் கொடுத்தனுப்பினால் என்ன? வாரம் ஒரு மணிநேரம் உடனிருந்து சொல்லிக்கொடு என்று கேட்டுக்கொண்டால் என்ன? பரிசு பெற்ற பிள்ளை அறிந்துகொள்ளும், தனக்குத் தரப்பட்டது எதற்கு என்று. மற்றப் பிள்ளையும் அறிந்துகொள்ளும், தன்னை யாரும் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை என்று. பங்குத்தந்தையரும் ஆசிரியப் பெருமக்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.