எண்ணெய் தின்னும் பூஞ்சைக்கும் காற்று வேணும்

விமானத்தோட எரிபொருள் டேங்கில் பூஞ்சை வளரும். நம்ப மாட்டீங்க, ஆனா உண்மை. டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் போதும். எண்ணெயும் தண்ணீரும் தொடும் இடத்தில் 'அமார்ஃபோதீகா ரெசினே' என்ற பூஞ்சை படலமாகப் படர்ந்து ஃபில்டரை அடைக்கும், டேங்கின் அலுமினியத்தையும் அரிக்கும். மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் அதைச் சொல்வார்கள். இது மண்ணிலும் வாழ்கிற பூஞ்சைதான்.

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இது முதலில் ஒரு மெயின்டெனன்ஸ் தலைவலியாகத்தான் தெரிந்தது. அப்புறம்தான் தோணுச்சு: டேங்கில் தொல்லை கொடுக்கிற இதே பசி, எண்ணெய் கொட்டிய மண்ணில் நமக்கு உதவுமே!

எப்படித் தின்கிறது? கச்சா எண்ணெய் என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகளும் வளையங்களும். சங்கிலியின் நுனியில் பூஞ்சை ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்க்கும். அது ஆல்கஹால் ஆகும், பிறகு கொழுப்பு அமிலம் ஆகும். கொழுப்பு அமிலத்திலிருந்து சக்தி எடுக்க நம்ம உடம்புக்கே தெரியும், பூஞ்சைக்குத் தெரியாதா? அந்த முதல் வேலையைச் செய்வது பி450 என்ற என்சைம் குடும்பம். நாம் போடுகிற பல மாத்திரைகளைக் கல்லீரலில் உடைப்பதும் அதே குடும்பம்தான்.

வளையங்கள்தான் கஷ்டம். அதற்கு மரத்தை மக்க வைக்கும் வெள்ளை அழுகல் பூஞ்சைகள் இருக்கின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்க இவை உடலுக்கு வெளியே என்சைம்களைச் சுரக்கும். லிக்னின் ஒரு ஒழுங்கே இல்லாத மூலக்கூறு. அதனால் இந்த என்சைம்களும் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, எண்ணெயில் உள்ள வளையங்களையும் தாக்கும். இப்படி ஒரு பூஞ்சை டி.டி.டி.யையும் பென்சோபைரீனையும் சிதைப்பதாக 1985-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. மார்க்கெட்டில் கிடைக்கிற சிப்பிக்காளானும் இந்த வகைதான்.

கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனா இதற்குக் கண்டிஷன்கள் உண்டு. எண்ணெய் ஊறிய மண்ணில் கார்பன் குவிந்து கிடக்கும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் பத்தாது. இலை நிறைய சோறு, குழம்பு ஒரு சொட்டுன்னா எப்படிச் சாப்பிடுவீங்க? 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் உரம் தெளித்து அங்கே ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்களைத்தான் ஊக்கப்படுத்தினார்கள். ஈரமும் அளவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஆக்ஸிஜன் வேண்டும். அது இல்லாமல் மேலே சொன்ன முதல் படியே நடக்காது.

இப்போ நம்ம டெல்டாவுக்கு வாங்க. 2017-இல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது, ஊரே போராட்டத்தில் இறங்கியது. டெல்டாவில் நிறைய இடங்களில் களிமண், நெல்லுக்குத் தண்ணீர் கட்டி வைத்த வயல். அந்த மண்ணுக்குள் காற்று போகாது. அப்படிப்பட்ட வயலில் பூஞ்சை வேலை செய்யணும்னா தண்ணீரை வடிக்கணும், மண்ணைக் கிளறணும், வைக்கோலும் எருவும் போடணும், அப்புறம் மாசக்கணக்கில் காத்திருக்கணும். அத்தனையும் செய்தாலும் ஆஸ்பால்டீன் போன்ற கனமான பகுதி பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். அதற்குள் விவசாயிக்கு ஒரு போகம் போய்விடும்.

'கேட்' எழுதி ஆயில் கம்பெனியில் சேரணும்னு நம்மில் நிறைய பேருக்கு ஆசை. எனக்கும் உண்டு. அதனால்தான் இதைச் சொல்றேன். ஈ.வி.எஸ். பேப்பரில் பயோரெமெடியேஷன் நமக்கு இரண்டு மார்க் கேள்வி. வேலையில் சேர்ந்த பிறகு, "கொட்டினா என்ன, பூஞ்சை பார்த்துக்கும்" என்று யாராவது சொல்லக்கூடும். பூஞ்சை கொட்டியதற்கு அப்புறம்தான் வரும், அதுவும் மெதுவாகத்தான் வரும். குழாயின் தடிமன் எவ்வளவு குறைந்திருக்கு, துரு எங்கே ஏறியிருக்கு என்று பார்த்து, அந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போறது நாமதான். பார்த்துட்டுப் போடுங்க.