ஒரே கூரை... எட்டு அடுப்பு!

தனிக்குடித்தனமா, கூட்டுக்குடும்பமா? பட்டிமன்றக்காரர்கள் அரைச்சு அரைச்சு மாவாக்கிட்ட இந்த டாபிக்குக்கு, 'ரெண்டும்தான்!'னு நூறு வருஷம் முன்னாடியே தீர்ப்பு சொன்ன ஊர்கள் இருக்கு. அதுல ஒண்ணு, காரைக்குடியில பஸ் ஏறினா சுமார் பதினஞ்சு கிலோமீட்டர்ல வர்ற கானாடுகாத்தான்!

சினிமாவுலயும் காலண்டர்லயும் பார்த்த அதே செட்டிநாட்டு வீடுகள்தான். முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், ஆத்தங்குடிக் கல்... வர்றவங்க எல்லாம் அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. கொஞ்சம் குனிஞ்சு அடுப்பைப் பாருங்க பாஸ்!

முகப்பு, பட்டாலை தாண்டினா வளவு. நடுவுல வானம் பார்த்த முற்றம், சுத்தி வரிசையா அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. பேச்சிலர்களுக்கு ரூம் கிடையாது! பட்டாலையிலயோ திண்ணையிலயோ பாயை விரிச்சுக்க வேண்டியதுதான். தாலி கட்டினாத்தான் சாவி!

இனிமேதான் மேட்டரே. கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச காலத்துல, மாமியார் முன்ன நின்னு மருமகளுக்குத் தனி அடுப்பு வெச்சுக் கொடுத்துடுவாங்க. நகரத்தார் இதை 'வேறு வைக்கிறது'னு சொல்றாங்க. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம்னு ஒரு பட்ஜெட். அதுக்குள்ள குடும்பம் நடத்தணும். சண்டை போட்டுப் பிரியறது இல்லைங்க... சண்டை வர்றதுக்கு முன்னாடியே பிரிச்சு வைக்கிறது! அப்பா - அம்மாவுக்கு ஒரு அடுப்பு, பெரியவனுக்கு ஒண்ணு, சின்னவனுக்கு ஒண்ணு. கல்யாணம், முன்னோர்களுக்குப் படைக்கிற 'படைப்பு' மாதிரி விசேஷம்னா மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையல். எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுப்புலயே இந்தத் தனிச் சமையல் பத்திக் குறிப்பு இருக்கு.

இதுக்குப் பின்னால ஒரு கணக்கும் உண்டு. ஆம்பளைங்க மூணு வருஷ ஒப்பந்தத்துல ரங்கூன், பினாங்குனு வட்டித்தொழிலுக்குக் கப்பல் ஏறிடுவாங்க. வீட்டை நடத்தினது பொண்ணுங்க. ஆளாளுக்குத் தனி வரவு - செலவு இருந்தா யாரும் யார்கிட்டயும் கை ஏந்த வேண்டாமே! மொத்தம் 9 நகரக் கோயில்கள். கல்யாணமான ஆண், கோயில் கணக்குல ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு இவ்வளவுனு வரி. கணவனை இழந்த பொண்ணு? 'அரைப்புள்ளி'. எல்லாத்தையும் ரசிச்சுக் கேட்டுட்டு வந்த எனக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் சுருக்குனு தைச்சுது.

சென்சஸ்ல, பொதுவா ஒரே சமையல்ல சாப்பிட்டு ஒண்ணா வாழறவங்கதான் ஒரு குடும்பம். அப்படிப் பார்த்தா, எட்டு அடுப்பு எரிஞ்சா ஒரே கூரைக்குக் கீழ எட்டுக் குடும்பம்! 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுல சராசரியா ஒரு குடும்பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. கூட்டம் குறைஞ்சிடுச்சு. சண்டை குறைஞ்சிடுச்சானு உங்க வீட்டைக் கேளுங்க.

எங்க வீட்லயும் இதேதான் ஓடிட்டிருக்கு. தை மாசம் அண்ணனுக்குக் கல்யாணம். அவன் 'தனியா ஒரு ஃப்ளாட்'னு ஆரம்பிச்சதுல இருந்து அம்மா பாத்திரத்தை நங்குனு வைக்கிறாங்க. வேறு வைக்கிற கதையை போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாடியில ஒரு அடுப்பு மேடை கட்ட எவ்வளவுடா ஆகும்?"னாங்க!

1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள புகுந்ததும் அங்கே இருந்த தொழில் ஆட்டம் கண்டுடுச்சு. அடுத்த தலைமுறை சென்னை, சிங்கப்பூர்னு கிளம்பிடுச்சு. நான் போன வீட்ல ஒரு காலத்துல எட்டு அடுப்பு. இப்போ எரியறது ஒண்ணே ஒண்ணு. 81 வயசு ஆச்சியோடது. மத்த அறைகள்ல பூட்டுதான் தொங்குது.

"மகன் கூப்பிடத்தான் செய்யறான் தம்பி. அங்க போனா நான் விருந்தாளி. இங்க என் அடுப்பு, என் உப்பு."

"ராத்திரி உடம்புக்கு முடியலைனா ஆச்சி?"

"காலையில திண்ணையில என்னையக் காணலைனா எதுத்த வீட்டு ஆச்சி வந்து கதவைத் தட்டும். அது வரலைனா நான் போய்த் தட்டுவேன்."

இவ்வளவுதான் அவங்க பாதுகாப்பு ஏற்பாடு!

அந்த வீட்டுக்கு இப்போ பதினெட்டுப் பங்கு. ஓடு மாத்தணும்னா பதினெட்டுப் பேரும் தலையாட்டணும். ஒருத்தர் ஆட்டலைனாலும் மழை உள்ளேதான். இப்படி இழுத்து இழுத்துக் கடைசியில இடிச்ச வீடுகளோட தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல விலைக்கு நிக்குது. 2014-ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல சேர்ந்தது சந்தோஷம்தான். ஆனா, பதினெட்டுப் பேரை ஒரே வளவுல உக்கார வைக்க யுனெஸ்கோவால முடியுமா என்ன?

சென்னைல இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரா காரைக்குடிக்கே வருது. அங்கேருந்து பஸ்ஸோ ஆட்டோவோ. சில வீடுகள் ஹோட்டலாயிடுச்சு, சிலதை உள்ளே போய்ப் பார்க்கலாம். மத்தது எல்லாம் ஆள் இருக்கிற வீடு. திண்ணையில ஏறறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுங்க ஃப்ரெண்ட்ஸ்... உள்ளே யாராவது ஒத்தை ஆளுக்கு உலை வெச்சிருப்பாங்க!