அவர் இழந்தது

சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தில் டீம் லீடராக இருந்தேன். அமெரிக்க கிளினிக்குகளுக்கு வரவேண்டிய இன்சூரன்ஸ் பணம் நின்றுபோனால் துரத்தி வாங்கிக் கொடுப்பது எங்கள் வேலை. ராத்திரி ஷிஃப்ட். அங்கே எனக்கிருந்த மரியாதையெல்லாம் என் ஆங்கிலத்தால் வந்தது. அது எனக்குத் தெரியும். அதை வளர்த்தும் வந்தேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மரபுத்தொடர் வகுப்பு எடுப்பேன். நிதானம் தவறுவதற்கு மட்டும் ஒரு போர்டு நிறைய எழுதுவேன். 'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்': காம்பைவிட்டுத் தெறிக்கும் கோடாலித் தலை. 'ப்ளோ எ ஃப்யூஸ்': விளக்கவே வேண்டாம். 'கோ போஸ்டல்' வந்ததும் குரலைத் தாழ்த்துவேன். 1986-இல் ஒக்லஹோமா மாநிலத்தின் எட்மண்டில் ஒரு தபால் ஊழியர் உடன் வேலை செய்த 14 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். அதுபோல் சில சம்பவங்கள் நடந்தபின் கிளம்பிய பேச்சு அது. வகுப்பு வாயடைத்து உட்கார்ந்திருக்கும். சாவுக் கதையைச் சொல்லிப் பெருமை தேடுகிறோமே என்று எனக்கு உறைத்ததில்லை.

ஒருநாள் கிளினிக் மேனேஜரிடமிருந்து மூன்று வரி மெயில் வந்தது. 'ஐ லாஸ்ட் இட் வித் ஹர் எஸ்டர்டே ஓவர் த அப்பீல் பாக்கெட். தட்ஸ் நாட் ஹவ் ஐ வொர்க். லெட்ஸ் ஸ்டார்ட் ஓவர்.'

என் டீமில் ஒரு பெண் அந்த அப்பீலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெடிகேர் மறுத்த பில்லுக்கு முதல் அப்பீல் போட 120 நாள் கெடு. அவள் காகிதத்தைத் தொலைத்துவிட்டாள், இப்படியெல்லாம் தன்னால் வேலை செய்ய முடியாது என்கிறார், முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். இப்படித்தான் படித்தேன். கோடாலி, ஃப்யூஸ் என்று ஏதாவது இருந்திருந்தால் உஷாராகியிருப்பேன். 'லாஸ்ட்', 'இட்' இரண்டும் ஒன்றாம் வகுப்புச் சொற்கள். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் என் கௌரவம் என்னாவது?

அவளைக் கூப்பிட்டேன். கண் வீங்கியிருந்தது. தப்பு செய்தவள் முகம் என்று முடிவு கட்டினேன்.

"எல்லாத்தையும் அனுப்பிட்டேன் சார்."

"மெயிலைப் படி. இங்கிலீஷ்தானே?"

படித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. அவள் அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்க்கவில்லை. எச்.ஆருக்கு நகல் போட்டு வார்னிங் மெயில் அனுப்பினேன். அன்று ராத்திரி முழுக்க அவள் மறுப்புக் கடிதம், டாக்டர் குறிப்பு, பில் எல்லாவற்றையும் மறுபடி திரட்டிக்கொண்டிருந்தாள். டீம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஃபோனில் மேனேஜர் கேட்டார்: "நான் கத்தினதுக்கு வருத்தப்பட்டதா அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

அந்த நொடியில் மூன்று வரியும் விளங்கிவிட்டன. அவர் இழந்தது நிதானத்தை. நடந்தது தன் சுபாவமில்லை என்கிறார். பழசை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறார். அது மன்னிப்புக் கடிதம். அவளுக்குப் போய்ச் சேர வேண்டியது. அதையே ஆதாரமாகக் காட்டி அவளைத் தண்டித்திருந்தேன்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

என் குற்றம் இங்கேதான் முழுமையானது. அதுவரை செய்தது அகந்தை, அசட்டை. இதற்குமேல் செய்தது தெரிந்தே செய்தது. வார்னிங்கைத் திரும்பப் பெற்றால் காரணம் எழுத வேண்டும். 'எனக்கு ஆங்கிலம் புரியவில்லை' என்று எழுத எனக்குத் தைரியமில்லை. வார்னிங் இருப்பவர்களுக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது. கியூ.ஏ. பிரிவுக்குப் போக அவள் போட்ட விண்ணப்பமும் அதே காரணத்தால் விழுந்தது. சில மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். போகும்போது, "வர்றேன் சார்" என்றாள். "ஆல் த பெஸ்ட்" என்றேன்.

அந்த மெயிலின் அர்த்தம் அவளுக்கு அன்றே தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. திட்டு வாங்கியவள் அவள், தெரியாமல் இருந்திருக்காது. மரபுத்தொடர் வகுப்பை மட்டும் நான் நிறுத்தவில்லை. அங்கே இருந்தவரை அந்த வார்னிங்கை ரத்து செய்யச் சொல்லி ஒரு வரியும் எழுதவில்லை.